கைபேசி வௌவால் கருவி தப்பான பெயரைக் காட்டுகிறதா? கொங்கு நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைபேசியின் அடியில் விரல்நுனி அளவுக்கு ஒரு மைக்கைச் செருகி வாசலில் நின்றால், நம் காதுக்கு எட்டாத வௌவால் சத்தம் திரையில் கோடு கோடாக ஓடுகிறது. அதை வைத்துச் செயலியே "இது இன்ன இனம்" என்று பெயரும் சொல்லிவிடுகிறது. கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் பொழுது சாய்ந்த பிறகு இந்தக் கருவியோடு நடக்கும்போது, கூட வருகிற ஆசிரியர்களும் பிள்ளைகளும் தோட்டத்துக்காரர்களும் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் அந்தப் பெயரைப் பற்றியவை.

ஈரோட்டில் எங்க வீட்டு மொட்டை மாடியில் பதிந்தேனுங்க. ஐரோப்பாவில் மட்டும் இருக்கிற வௌவால் பெயர் வருது. கருவி கெட்டுப்போச்சா?

கெடவில்லை. செயலிக்குள் ஓர் இனப்பட்டியல் இருக்கிறது. கேட்ட சத்தத்தை அந்தப் பட்டியலில் உள்ளவற்றோடு மட்டுமே அது ஒப்பிடும். நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது ஐரோப்பியப் பட்டியல் என்றால், ஈரோட்டு வௌவாலுக்கும் ஐரோப்பியப் பெயர்தான் வரும். அதற்குத் தெரிந்த சொந்தக்காரர்கள் அவ்வளவு பேர்தான்.

நம் ஊரில் அதிகம் நடக்கும் குழப்பம் இதுதான். ஐரோப்பாவின் சாதாரண பிப்பிஸ்ட்ரெல் வௌவால் 45 கிலோஹெர்ட்ஸை ஒட்டிக் கத்தும். அதன் தங்கை மாதிரியான இன்னொன்று 55-ஐ ஒட்டிக் கத்தும். நம் தெருவிளக்கைச் சுற்றி வருகிற இந்தியப் பிப்பிஸ்ட்ரெல், அதாவது பிப்பிஸ்ட்ரெல்லஸ் கொரமாண்ட்ரா, கிட்டத்தட்ட இதே அதிர்வெண்ணில்தான் கத்துகிறது. கத்தலின் வடிவமும் ஒன்றுபோல இருக்கும்: மேலிருந்து சரிந்து வந்து, கடைசியில் ஹாக்கி மட்டை போலத் தட்டையாகும். செயலி எப்படிப் பிரித்துச் சொல்லும்? இத்தனைக்கும் கொரமாண்ட்ரா என்ற பெயரே சோழமண்டலக் கரையை வைத்து வந்தது. நம் கரையின் பெயரைச் சுமக்கிற ஒரு பிராணி நம் வாசலிலேயே வெளியூர்ப் பெயரில் பதிவாவதை என்னால் சும்மா விட முடியவில்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

செயலியின் அமைப்புக்குள் (செட்டிங்ஸ்) போய் எந்தப் பகுதியின் பட்டியல் இயங்குகிறது என்று முதலில் பாருங்கள். இந்தியா இல்லாவிட்டால் தானியங்கிப் பெயரிடலை அணைத்துவிட்டுப் பதிவை மட்டும் ஓட விடுங்கள். திரையில் தெரியும் வரைபடமும் அதிர்வெண்ணும் உண்மை. பெயர் ஓர் ஊகம்.

பொருத்தம் 95 சதவீதம்னு காட்டுதே, அதையும் நம்பக் கூடாதா?

அந்த 95 எதற்கான கணக்கு என்று பார்க்க வேண்டும். "பட்டியலில் இருப்பவற்றுள் இதுதான் மற்றதைவிட நெருக்கம்" என்பதுதான் அதன் பொருள். பட்டியலிலேயே இல்லாத இனத்துக்கு அந்த எண் ஒன்றும் சொல்லாது. பேட்டிடெக்ட்2 என்ற திறந்தநிலை மென்பொருளோடு வருகிற, இனம் கண்டு சொல்லும் மாடல் பிரிட்டனின் 17 இனங்களுக்குப் பயிற்றுவிக்கப்பட்டது. எங்கே வௌவால் கத்தியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் அது நல்ல உதவி, பல மணி நேரப் பதிவைச் சல்லடை போடவும் ஆகும். ஆனால் கோபிசெட்டிபாளையத்தில் பதிந்த கோப்பை அதனிடம் கொடுத்தால், அந்த 17-இல் ஒன்றைத்தான் எடுத்து நீட்டும்.

வால்பாறையில் பதிந்ததற்கு "பெரிய லாடமூக்கு வௌவால்" என்று திரும்பத் திரும்ப வருகிறது. கோடும் நேராக அழகாக இருக்கிறது. இதுவுமா தப்பு?

பெயரில் பாதி சரி. லாடமூக்கு வௌவால்தான், அதில் சந்தேகம் வேண்டாம். 40 மில்லிசெகண்டு அளவுக்கு நீண்டு, ஒரே அதிர்வெண்ணில் நேர்கோடாக நிற்கிற கத்தல் அந்தக் குடும்பத்தின் கையெழுத்து. ஐரோப்பாவின் பெரிய லாடமூக்கு 80-க்குக் கொஞ்சம் மேலே கத்தும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ரைனோலோஃபஸ் ரூக்ஸியும் அதே இடத்தில்தான் கத்துகிறது. எண் ஒத்துப்போனதால் செயலி பெயரைத் தூக்கி ஒட்டிவிட்டது.

இந்த எண்ணுக்குள் ஒரு நல்ல கதை இருக்கிறது. தென்னிந்தியாவில் ரூக்ஸி என்று ஒரே பெயரில் சொல்லிவந்த வௌவால்களில், 80 பக்கம் கத்துகிறவை ஒரு கூட்டம், 90-ஐச் சுற்றிக் கத்துகிறவை இன்னொரு கூட்டம் என்று தெரிந்தது. மரபணுவைப் பார்த்தபோது அவை வேறு வேறு இனங்கள். இரண்டாவதற்கு 2012-இல் இந்தோரூக்ஸி என்று பெயர் வைத்தார்கள். ஐரோப்பாவின் 45, 55 பிப்பிஸ்ட்ரெல்களும் இப்படித்தான் 1990களில் சத்தத்தை வைத்துப் பிரிக்கப்பட்டன. அதனால் மலைக்குப் போனால் செயலி சொல்லும் பெயரை விட்டுவிட்டு, நேர்கோடு எந்த எண்ணில் நிற்கிறது என்று எழுதி வையுங்கள். 82-க்கும் 92-க்கும் உள்ள வித்தியாசம் ஓர் இனத்தின் வித்தியாசமாக இருக்கலாம்.

ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருட்டிய பிறகு நடக்க வனத்துறை அனுமதி வேண்டும். எஸ்டேட் ரோட்டில் நின்று பதிவதென்றாலும் யானை நடமாட்டத்தை விசாரித்துவிட்டுப் போங்கள். கண் திரையிலும் காது மைக்கிலும் இருக்கும்போது பின்னால் வருவது தெரியாது.

இந்தியாவுக்கென்று ஒரு பட்டியல் போட்டுவிட்டால் தீர்ந்ததே. ஏன் இன்னும் போடவில்லை?

பட்டியல் என்பது வெறும் பெயர்கள் அல்ல. ஒவ்வோர் இனத்துக்கும் சந்தேகமில்லாத நூற்றுக்கணக்கான கத்தல்கள் வேண்டும். அதற்கு வௌவாலை உரிய அனுமதியோடு வலையில் பிடித்து, முன்னங்கை நீளம் அளந்து, இன்ன இனம் என்று கையில் வைத்தே உறுதிசெய்து, பறக்கவிடும்போது பதிய வேண்டும். வால்பாறைப் பீடபூமியில் ஆய்வாளர்கள் கிளேர் வேர்ட்லியும், அங்கே நெடுங்காலமாக வேலை செய்யும் திவ்யா முடப்பாவும், உடனிருந்தோரும் இப்படிச் செய்து 2014-இல் வெளியிட்ட கத்தல் தொகுப்பு நமக்குக் கிடைத்த பெரிய சொத்து. அதற்கு முன்பே 1980களில் மதுரை வட்டாரத்தில் கெர்ஹார்ட் நியுவைலர் குழுவினர் பல இனங்களின் கத்தலை அளந்திருக்கிறார்கள். கோவையிலிருந்து இயங்கும் ஜூ அவுட்ரீச் அமைப்பு தெற்காசிய வௌவால் ஆர்வலர்களை ஒரு வலைப்பின்னலாகச் சேர்த்தது.

இருந்தும் மலையில் பதிந்த தொகுப்பை வைத்துத் தாராபுரத்து வறண்ட காட்டில் பெயர் சொல்ல முடியாது. இனங்களே வேறு. ஒரே இனமும் இடத்துக்கு இடம் நாலைந்து கிலோஹெர்ட்ஸ் மாறும். சமவெளிப் பதிவுகள் குவிந்தால்தான் நல்ல பட்டியல் வரும். அந்தப் பதிவுகளைச் சேர்க்கப்போவது நீங்களும் நானும்தான்.

பழைய கோயில் மண்டபத்தில் கண்ணெதிரே நூறு வௌவால் பறக்குது. கருவியில் ஒண்ணுமே விழலீங்க!

இது பழுது மாதிரியே தோன்றும், ஆனால் கணக்கு. மைக் ஒரு நொடிக்கு எத்தனை தடவை சத்தத்தை அளக்கிறதோ, அதில் பாதி அதிர்வெண் வரைதான் உண்மையாகப் பதிய முடியும். எக்கோ மீட்டர் டச் 2 என்ற கைபேசி மைக்கின் சாதாரண மாடல் 256 கிலோஹெர்ட்ஸில் அளக்கிறது. அப்படியானால் கூரை 128. அதன் புரோ மாடலையோ அல்ட்ராமைக் 384-ஐயோ 384-இல் வைத்தால் கூரை 192.

நம் கோயில் மண்டபங்களிலும் பாறை இடுக்கிலும் தங்கும் இலைமூக்கு வௌவால் ஹிப்போசிடெராஸ் ஸ்பியோரிஸ் 135 கிலோஹெர்ட்ஸை ஒட்டிக் கத்துகிறது. அதன் உறவான ஃபுல்வஸ் 150-ஐயும் தாண்டும். 128 கூரைக்கு மேலே நடக்கும் பேச்சு கீழே இருப்பவருக்குக் கேட்காது. சில சமயம் இன்னொரு கூத்தும் நடக்கும். கூரையை மீறிய சத்தம் மடங்கிக் கீழே விழும். 256-இலிருந்து 135-ஐக் கழித்தால் 121. அந்த எண்ணில் ஒரு போலிக் கோடு தெரியும். 192-இல் அளக்கிற மலிவான மைக்கில் இதே வௌவால் 57-இல் விழுந்து, செயலி அதற்கு ஏதோ ஒரு பெயரை வைத்துவிடும். கண்டுபிடிக்க வழி உண்டு: இலைமூக்கின் கத்தல் கடைசியில் கீழ்நோக்கி வால் விடும். மடங்கிய போலியில் அந்த வால் தலைகீழாக மேல்நோக்கி ஏறும்.

ஆகவே அமைப்பில் சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு அளக்கும் அந்தக் கணக்கு, 384 இருந்தால் அதை வைத்துப் பாருங்கள். கிட்டவும் போக வேண்டும். 20 கிலோஹெர்ட்ஸ் சத்தம் வெட்டவெளியில் வெகுதூரம் வரும். 135 காற்றிலேயே கரைந்து சில மீட்டருக்குள் அடங்கிவிடும்.

384 வைத்தும் ஒன்றும் வராவிட்டால், அங்கே இருப்பது போலி ரத்தக்காட்டேரி வௌவாலாக இருக்கலாம். பெயர்தான் பயங்கரம். தவளை, எலி, பெரிய பூச்சி தின்கிற பிராணி அது. இரை நகரும் சலசலப்பைக் காதால் கேட்டே பிடிக்கும், தானாகக் கத்துவது மிக மெதுவாக. கிசுகிசுக்கிறவரின் குரல் தூரத்து மைக்கில் ஏறாது.

உறங்கும் கூட்டத்தின் மேல் டார்ச் அடிக்காதீர்கள். குட்டி சுமக்கும் காலத்தில் மண்டபத்துக்குள் நுழையவே வேண்டாம். வெளியே வரும் வழியில் தள்ளி நின்றால் போதும்.

பொழுது சாய்ந்து ஆரம்பித்ததும் நூறு கோப்பு. எல்லாவற்றுக்கும் வௌவால் பெயர். எங்கள் தென்னந்தோப்பில் அவ்வளவு வௌவாலா?

பாதிக்கு மேல் பூச்சியாக இருக்கும். சில்வண்டும் இலை வெட்டுக்கிளியும் 10-இலிருந்து 30, 40 கிலோஹெர்ட்ஸ் வரைகூடக் கத்துகின்றன. பிரித்துப் பார்ப்பது எளிது. பூச்சி உட்கார்ந்த இடத்தில் அதே எண்ணில் மணிக்கணக்காக இழுக்கும். வௌவால் கடந்து போகும். அதன் கத்தல் மெலிதாக ஆரம்பித்து, வலுத்து, சில நொடியில் தேய்ந்துவிடும்.

வேறு கள்ளக் குரல்களும் உண்டு. சாவிக்கொத்து, சில்லறைக் காசு, காய்ந்த தென்னஞ்சருகில் செருப்பு, ஜெர்கின் துணியின் உரசல் எல்லாம் மீயொலி எழுப்பும். சொட்டுநீர்க் குழாயில் பொத்தல் இருந்தால் சீறுகிற சத்தம் திரை முழுக்கப் பனி மாதிரி படரும். (ஒரு தோட்டத்தில் வௌவால் தேடப் போய், மண்ணுக்குள் ஒழுகிய குழாயைக் கண்டுபிடித்தோம். தோட்டத்துக்காரருக்கு அதில்தான் சந்தோஷம் அதிகம்.) சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடத்துக்கு எதிரே நின்றால் நாடா அடிக்கும் ஒவ்வோர் அடியும் மேலிருந்து கீழ்வரை நெட்டுக் கோடாக விழும். நூறடி தள்ளிப் போங்கள். வேறு மருந்து கிடையாது.

அமைப்பில் குறைந்தபட்ச அதிர்வெண்ணை 15 அல்லது 16 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் குப்பை குறையும். 25-க்கு ஏற்றிவிடாதீர்கள். உயரத்தில் வேகமாகப் பறக்கும் வால்நீட்டி வௌவால்கள் 20-இன் சுற்றுவட்டத்தில்தான் கத்துகின்றன, பூச்சியோடு அவையும் போய்விடும். மைக்கின் உணர்திறனையும் ஒரேயடியாகக் கூட்ட வேண்டாம்.

திரையில் ஒரே உயரத்தில் விடாமல் ஒரு படுக்கைக் கோடு. இது எந்த வௌவால்?

மின்சாதனம். பவர்பேங்க், சார்ஜர், சில எல்இடி விளக்கு. கைபேசியைச் சார்ஜரிலிருந்து கழற்றுங்கள், விளக்கைவிட்டு நகருங்கள். கோடு போய்விடும்.

ஒரே வௌவால்தான் சுற்றிச் சுற்றி வருது. ஒரு நிமிஷத்துல மூணு பெயர் காட்டுது.

வௌவால் ஒரே மாதிரி கத்திக்கொண்டிருக்காது, வேலைக்குத் தக்கபடி மாற்றும். வாய்க்கால் மேட்டில் வெட்டவெளியாகப் பறக்கும்போது கத்தல் நீளமாகவும் தட்டையாகவும் இருக்கும். அதே வௌவால் பாக்குத் தோப்புக்குள் நுழைந்தால், இடைஞ்சலுக்கு நடுவே நுணுக்கமாகப் பார்க்க வேண்டியிருப்பதால், குட்டையாகவும் செங்குத்தாகவும் கத்தும், அதிர்வெண்ணும் ஏறும். பூச்சியை நெருங்கும்போது கத்தல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஜிர்ர்ரென்று முடியும். சத்தம் கேட்டுக் கருவி தானாகப் பதியத் தொடங்கிய நொடியில் இந்தக் கடைசித் துண்டு மட்டும் கோப்பில் மாட்டினால், செயலி அதை மயோட்டிஸ் என்ற வேறொரு வௌவால் பேரினம் என்று சொல்வது வழக்கம். செங்குத்துக் கோடு கண்டால் அதற்கு அந்த ஞாபகம்தான் வரும்.

இரண்டு வௌவால் சேர்ந்து பறந்தால் ஒன்றின் குரல் இன்னொன்றோடு மோதாமல் இருக்கக் கொஞ்சம் விலகிக் கத்தும். செயலி இரண்டையும் ஒன்றாக்கிக் குழம்பும். வௌவால் தலைக்கு மேலேயே வந்துவிட்டால் சத்தம் மைக்கின் எல்லையை மீறி வெட்டுப்படும். அப்போது இல்லாத மேல்சுரங்கள் முளைக்கும். சுவருக்கோ தண்ணீருக்கோ பக்கத்தில் நின்றால் எதிரொலி கலந்து, கோட்டில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

அதனால் கைபேசியை உடம்பை விட்டுத் தள்ளி, தலைக்கு மேலே, வானத்தைப் பார்த்துச் சாய்த்துப் பிடியுங்கள். ஒரு கோப்பில் தெளிவான கத்தல் எட்டுப் பத்தாவது இருக்கட்டும். அதில் நடுவே வரும் நிதானமான கத்தல்களை மட்டும் அளவெடுங்கள். ஜிர்ரென்ற பகுதியை அளக்கக் கூடாது.

"அடையாளம் தெரியவில்லை" என்று வந்தால்?

சந்தோஷப்படுங்கள். தெரியாததைத் தெரியாது என்றிருக்கிறது. கோப்பை அழிக்காதீர்கள்.

மைக்கைச் செருகினால் கைபேசி கண்டுகொள்ள மாட்டேங்குது. சில நாள் பத்து நிமிஷம் ஓடி நின்னுடுது.

கைபேசியின் உறையைக் கழற்றிப் பாருங்கள். தடித்த உறை இருந்தால் முள் முழுசாக உட்காராது. அப்புறம் ஓடிஜி, அதாவது வெளிக்கருவியைக் கைபேசியோடு இணைக்கும் வசதி. சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அதை அமைப்பில் போய்த் தனியாகத் திறக்க வேண்டும், கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானாக மூடிக்கொள்ளும். பேட்டரி சேமிப்பும் திரை அணைந்ததும் செயலியை நிறுத்திவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். ஐபோன் 15-இலிருந்து முனை யுஎஸ்பி-சி ஆகிவிட்டதால், பழைய லைட்னிங் மைக் நேராகப் பொருந்தாது.

ஒரு வருஷம் முழுக்க எங்களுடைய ஒரு மைக் விட்டு விட்டு வேலை செய்தது. செயலியைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால் முனைக்குள் பஞ்சு. திருப்பூரில் சட்டைப்பையில் வைத்தே நடந்தால் வேறென்ன சேரும்? மரப் பல்குச்சியால் பக்குவமாக எடுத்ததும் சரியானது.

மைக் வாங்காமல் செயலியை மட்டும் போட்டுக்கொண்டால் போதாதா?

போதாது. கைபேசியின் சொந்த மைக் பொதுவாக 48 கிலோஹெர்ட்ஸில் அளப்பது. கூரை 24. நம் வௌவால்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே.

நண்பருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். அவர் கணினியில் வௌவாலே இல்லை.

ஆடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கும். மனிதக் காதுக்குக் கேட்காததெல்லாம் வெட்டுப்படும். நமக்கு வேண்டியது அந்தப் பகுதிதான். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது டிரைவில் ஏற்றி இணைப்பைக் கொடுங்கள். பதிவு வகையும் முழு அலைவரிசை வேவ் கோப்பாக இருக்கட்டும். காதுக்குக் கேட்கும்படி மாற்றிய சத்தத்தை மட்டும் சேமித்தால் பிறகு அளக்க எதுவும் மிஞ்சாது.

அதேபோல, கணினியில் திறந்தபோது 45-க்குப் பதில் 4.5 கிலோஹெர்ட்ஸ் காட்டினால் பயப்பட வேண்டாம். அது பத்து மடங்கு மெதுவாக்கிச் சேமித்த கோப்பு. மென்பொருளில் அந்தப் பத்தைச் சொல்லிவிட்டால் எண் சரியாகும்.

ஆடி மாசம் முழுக்கப் பதிவு மோசமாக இருக்கே?

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊர் இது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்று பொள்ளாச்சி, உடுமலையைத் தாண்டிப் பல்லடம் வரை நேராக அடிக்கும். வௌவாலும் மறைவான பக்கமாகத்தான் மேயும். நீங்களும் தோப்பின் கிழக்கு ஓரமாக நில்லுங்கள். சாரல் விழுந்தால் மைக்கைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள், நனைந்த மைக் உயர் அதிர்வெண்களை முதலில் இழக்கும்.

ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்குகிற பெரிய வௌவால் ஏன் பதிவாவதில்லை?

பழந்தின்னி வௌவால் கண்ணாலும் மூக்காலும் வழி தேடுகிறது. எதிரொலிக்காகக் கத்துவதில்லை. நீங்கள் கேட்கும் கீச்சுக் கூச்சல் அவற்றின் சண்டை சச்சரவு. குகைகளில் தங்கும் ரூசெட்டஸ் பழந்தின்னி மட்டும் நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்கும். திரையில் அது இரண்டிரண்டு குட்டிப் புள்ளிகளாகத் தெரியும்.

சரி, செயலி சொல்லும் பெயர் வேண்டாம் என்றால் எப்படித்தான் எழுதி வைப்பது?

முதல் வருஷம் செயலி சொன்ன பெயர்களையே நானும் உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினேன். பிறகு ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த இரண்டு மாதம் ஆனது. திருத்துவதற்குள் வேறொருவர் அதை எடுத்து வரைபடத்தில் வைத்திருந்தால் என்ன செய்வது என்ற கவலை இன்னமும் இருக்கிறது. நம் சமவெளி வௌவால்களைப் பற்றிய பதிவே கொஞ்சம். அதில் ஒரு தப்பான பெயர் விழுந்தால் நெடுநாள் உட்கார்ந்திருக்கும்.

இப்போது உறுதியாகத் தெரிந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். நேர்கோடாக நின்றால் லாடமூக்கா இலைமூக்கா என்று அதிர்வெண்ணையும் நீளத்தையும் வைத்துக் குடும்பம் வரை. ஹாக்கி மட்டை வடிவம் என்றால் "பிப்பிஸ்ட்ரெல் வகை, 46" என்று வகையும் எண்ணும். 25-இலிருந்து 30 வரை, ஏணிப்படி போல அடுக்கடுக்கான சுரங்களோடு வந்தால் "கல்லறை வௌவால் வகை". ஐரோப்பியப் பட்டியல் இதைத்தான் நாக்டியூல் என்ற தன் ஊர் வௌவாலின் பெயரைச் சொல்லி ஏமாற்றும். இவற்றோடு நேரம், இடம், சாம்பிள் ரேட், மைக்கின் மாடல், நின்ற இடம் வெட்டவெளியா தோப்பா, செயலி என்ன பெயர் சொன்னது என்பதையும் சேருங்கள். கத்தலை ஒப்பிட்டுப் பார்க்கச் சைரோவாக்ஸ் என்ற திறந்த தொகுப்பு இருக்கிறது. பறவைக் குரல்களுக்குப் பேர்போன சீனோ-கேன்டோவும் இப்போது வௌவால் குரலை ஏற்கிறது.

என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "காளிங்கராயன் வாய்க்கால் கரை, மாலை 6:40, மஞ்சள் காட்டோரம், வெட்டவெளி. பிப்பிஸ்ட்ரெல் வகை, 46 கிலோஹெர்ட்ஸ், 12 கத்தல், ஒரு ஜிர்ர். சாம்பிள் ரேட் 384. செயலி சொன்னது: ஐரோப்பியச் சாதாரண பிப்பிஸ்ட்ரெல், ஏற்கவில்லை." மூல வேவ் கோப்பு அதே தேதிப் பெயரில் இரண்டு இடத்தில் இருக்கிறது. நம் ஊருக்கான பட்டியல் வருகிற அன்றைக்கு அந்தக் கோப்பை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.